கத்தியால் அறுத்த புத்தகம்

உன் மகள் போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அவள் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில், புதிதாகச் சேர்கிறவர்கள் படிப்பதற்கு ஒரு புத்தகப் பட்டியல் கேட்டார்களாம். "நீங்கதான் அங்கிள் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். நம் கோபால் (COBOL) கம்ப்யூட்டர் மொழிப் புத்தகத்தின் முன்பாதி. முதுகில் கத்தி இறங்கிய இடம் அப்படியே இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் பெங்களூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. உன் ஊர் மாரண்டஹள்ளி, என் ஊர் நல்லம்பள்ளி. கணக்குப் பட்டம் வாங்கிவிட்டு வேலை இல்லாமல் இருந்த இரண்டு பேருக்கு ஒரே புத்தகம். நடுவில் இருக்கும் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழக் கடைக்காரரிடம் கத்தி வாங்கி நீ அதை நட்ட நடுவில் அறுத்தாய். நான் பதறினேன். "ஒருத்தன் படிக்கறப்ப இன்னொருத்தன் அவன் வாயப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறதா? வுடுடா" என்றாய். பாவி, ஒரு அத்தியாயத்தின் நடுவிலா அறுப்பது!

ஞாயிறுதோறும் அதே பஸ் ஸ்டாண்டில் பாதிகளை மாற்றிக்கொண்டோம். கம்ப்யூட்டரைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். அதனால் நான் நோட்டில் எழுதிய புரோகிராமை நீ கம்ப்யூட்டராக இருந்து ஓட்டுவாய், உன்னுடையதை நான். ஒருமுறை எங்கே நிறுத்துவது என்பதை எழுத மறந்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு பக்கம் எழுதி, அடியில் "பென்சில் தீந்துபோச்சு" என்று எழுதிக் கொடுத்தாய். "நிறுத்தணும்னு தெரியாதாடா உனக்கு?" என்று கத்தினேன். "நீ நெனச்சது எனக்குத் தெரியாதுடா. எழுதுனதுதான் தெரியும்" என்றாய்.

உன் மகளிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். கம்ப்யூட்டர் மொழி கற்றுத்தரும் புத்தகங்கள் சீக்கிரம் பழசாகிவிடும், ஒன்றிரண்டு போதும். யோசிக்கக் கற்றுத்தருவதும், அடுத்தவர் செய்த தப்புகளைச் சொல்வதும் நிறைய வேண்டும். அதோடு ஒரு நல்ல நாவலும் சேர்த்துக்கொள் என்றேன். மனுஷனைப் படிக்காதவன் எழுதும் புரோகிராமை யாரும் பயன்படுத்த முடியாது. அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

எனக்குத்தான் நெஞ்சு குறுகுறுத்தது. பெங்களூர் கம்பெனி ஒன்றின் வேலைக்கான பரீட்சைக்கு நாம் இருவரும் விண்ணப்பம் போட்டிருந்தோம். பின்பாதியில் இருந்த ஃபைல் அத்தியாயம் உனக்குப் பிடிபடவில்லை. "கடைசி வாரம் அது எனக்கு வேணும்டா" என்று கேட்டிருந்தாய். நானும் தலையாட்டினேன். அதற்குள் ஒரே ஓர் ஆளைத்தான் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். பின்பாதி என்னிடம் இருந்தது; அந்த ஞாயிறு நான் பாலக்கோடு வரவில்லை. பரீட்சை நடந்த இடத்தில், பஸ் தவறிவிட்டது என்றேன். "செரி வுடு" என்றாய். கேள்விகளில் பாதி ஃபைல் பற்றியவை. வேலை எனக்குக் கிடைத்தது. நீ உங்கப்பாவின் புளி மண்டியில் உட்கார்ந்தாய்.

இதை உன் மகளிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா கடைசியா ஆஸ்பத்திரியில இருக்கறப்ப சொன்னாருங்க அங்கிள். அந்த ஞாயித்துக்கெழம நீங்க வரலன்னு பஸ் மாறி நல்லம்பள்ளிக்கே வந்தாராம். கெணத்துக்கிட்ட மோட்டார் ரூம் நெழல்ல நீங்க படிச்சிட்டு இருந்தீங்களாம். 'கூப்ட்டா பொய் சொல்லுவான். அவன் பொய் சொல்றத நான் பாக்க வேணாம்னு வந்துட்டேன்'னு சொன்னாருங்க."

உண்மைதான்டா. நீ வந்து கேட்டால், புத்தகத்தை மாமா மகன் வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று சொல்ல, பொய்யைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். வேலை, வீடு, பேர் எல்லாம் வந்தது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டா என் கல்யாணத்துக்கு ஒரு மூட்டை புளியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாய்? சிரித்துக்கொண்டே அதைச் சமையல் கட்டில் இறக்கி வைத்தாயே. எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் அதைத்தான் கரைத்தோம்.