டம்ளரின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூர்.
3 ஆகஸ்ட் 1999

தம்பி ஷெர்வின்,

நான்கு மைல் தூரத்தில் இருக்கிறவனுக்குத் தபால் தலை ஒட்டி எழுத வேண்டியிருக்கிறது. நீ தங்கியிருக்கிற அறையில் போன் இல்லை. இருந்தாலும் அந்த உமேஷ் எடுத்து 'அலோ' என்றால் நான் வைத்துவிடுவேன். காலேஜ் நாளில் உன்னைப் போதை ஊசிக்குப் பழக்கினவன் அவன். உன் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் நீ போய்த் தங்க அவன் அறைதானா கிடைத்தது?

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை அழைத்துவந்து இரண்டு மாதம் வைத்திருந்தோம். நாங்கள் ஞாயிறு ஆராதனைக்குப் போன நேரம் பார்த்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாய். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். நம் கோயிலில் தாத்தா காலத்திலிருந்து திருவிருந்துக்கு ஒரே வெள்ளிக் கிண்ணம்தான். ஆயர் விளிம்பைத் துடைத்துத் துடைத்து நீட்டுவார், பீடத்துப் படியில் வரிசையாக மண்டியிட்டு ஒருவர் பின் ஒருவராகத் திராட்சரசம் குடிப்போம். அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது தட்டு நிறைய பிளாஸ்டிக் கப், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. சபைச் செயலாளர் மைக்கேல்ராஜ் எழுந்து, 'சுகாதாரக் காரணங்களை முன்னிட்டு' என்று வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் எல்லாத் தலையும் நம் பெஞ்சுப் பக்கம் திரும்பிவிட்டது. நீ ஆயரிடம் உன் வியாதியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் எழுந்தேன். "யாருக்குப் பயந்து இது? பேரச் சொல்லுங்க மைக்கேல்ராஜ்" என்றேன். "சில்வெஸ்டர் சார், காலேஜ்ல குடுக்கற லெக்சர இங்க குடுக்காதீங்க, உக்காருங்க" என்றார். வெள்ளிக் கிண்ணம் திரும்பி வரும்வரை இந்தப் படியில் மண்டியிட மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வைஸ் பிரின்சிபால் நாற்காலியை எனக்கு ஜூனியருக்குக் கொடுத்தார்களே, இன்றுவரை நான் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. இதுவும் அப்படித்தான்.

நவம்பர் கடைசி ஞாயிறு லவினாவுக்குத் திடப்படுத்தல். அன்றுதான் என் மகள் முதன்முதலாகத் திருவிருந்து எடுக்கப்போகிறாள். 'சித்தப்பா வருவாரா?' என்று தினமும் கேட்கிறாள். வீட்டுக்கு வா.

உன் அண்ணன்,
சில்வெஸ்டர்


தொம்மலூர்,
19 ஆகஸ்ட் 1999

என் அன்பு அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கியது பச்சைமுத்து. எங்கள் அறையில் மூன்றாவது ஆள், ஆட்டோ ஓட்டுகிறவன். "இன்னா குரு, கோர்ட் நோட்டீசா? கையெழுத்தே மிரட்டுது" என்றான். "எங்க அண்ணன்" என்றேன். "அதான் சொல்றேன்" என்றான்.

உடம்பு பரவாயில்லை. எதிரே ஏதோ ஆபீஸ் கட்டடம் எழும்புகிறது. அந்தத் தூசியில் இருமல் மட்டும் விடமாட்டேன் என்கிறது. எனக்காகக் கோயிலில் எழுந்து நின்றீர்கள் என்று படித்ததும் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஏன் சொல்லாமல் போனேன் என்றால், இதனால்தான். ஒரு நாள் லவினா தண்ணீர் குடிக்க என் டம்ளரை எடுத்தாள். அண்ணி ஓடிவந்து பிடுங்கினார். அப்புறம் யாரும் இல்லாதபோது அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நெயில் பாலிஷால் வைத்த சிவப்புப் புள்ளி. என் தட்டிலும் இருந்தது, ஸ்பூனிலும் இருந்தது. அண்ணி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இரண்டு மாதமும் நீங்கள் எனக்கு எதிரேதானே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? கடைசி மிடறுக்கு நான் டம்ளரைச் சாய்த்தபோதெல்லாம் அந்தப் புள்ளி உங்கள் முகத்துக்கு நேரே இருந்திருக்குமே, அண்ணா.

உமேஷை அதிகம் திட்டாதீர்கள். ஆரம்பத்தில் நாங்கள் ஆறு பேர், ஒரே ஊசி. காசில்லாமல் அல்ல. தனி ஊசி வைத்துக்கொண்டால் மற்றவனை அருவருக்கிறாய் என்று அர்த்தம். ஒரு தடவை சுந்தரராமன் தனக்கென்று புதிதாக ஒன்று வாங்கிவந்தான். "இன்னா ஐயரே, எங்க மேல தீட்டா?" என்று உமேஷ் கேட்டான். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். சுந்தரராமன் அப்புறம் வரவேயில்லை. இப்போது பாங்கில் இருக்கிறான், குழந்தைகள் இருக்கின்றன. மீதிப் பேரில் இந்த வியாதி இல்லாதவன் பச்சைமுத்து ஒருவன்தான்; அவன் கூட்டத்தில் சேர்ந்தது கடைசியில்.

ஒரு தொண்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்திருக்கிறது. பழக்கத்தை விட முடியாதவர்களுக்குப் புது ஊசி கொடுத்து, பழையதை வாங்கிவர வேண்டும். பயப்படாதீர்கள், நான் விட்டு ஒரு வருடம் ஆகிறது.

லவினாக் குட்டிக்கு முத்தங்கள்.

உங்கள் தம்பி,
ஷெர்வின்


ரிச்சர்ட்ஸ் டவுன்,
12 செப்டம்பர் 1999

தம்பி ஷெர்வின்,

உன் கடிதத்தை மௌரீனுக்குக் காட்டவில்லை. காட்டினால் அழுவாள். அழுதுவிட்டு மறுபடியும் அந்த டம்ளரைத் தனியாகத்தான் கழுவுவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை நீ வந்த முதல் வாரமே அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தொட்டால் வராது, எச்சிலால் வராது, ஒரே பாத்திரத்தால் வராது. எல்லாம் கேட்டுக்கொண்டாள். "எனக்கும் தெரியுதுங்க. புத்திக்குத் தெரியுது, கைக்குத் தெரியலயே" என்றாள். அதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய்? டம்ளருக்காகப் பெண்டாட்டியோடு யுத்தம் செய்யவா? உனக்காக ஊர் நடுவில் எழுந்து நின்றது போதாதா?

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். உனக்கு நாங்கள் தனி டம்ளர் வைத்தது பாவம். அங்கே ஆளுக்கொரு ஊசி வைத்துக்கொள்ளச் சொல்லி நீ கொடுப்பது மட்டும் சேவையா? பிரித்து வைப்பது தப்பென்றால் இரண்டும் தப்பு. சரியென்றால் மௌரீன் செய்ததும் சரி. இருபது வருடமாகச் சரித்திரம் நடத்துகிறேன். ஒரே காரியத்துக்கு இரண்டு நியாயம் சொல்கிறவர்களை நிறையப் படித்திருக்கிறேன்.

மழையும் குளிருமாக இருக்கிறது. உன் பிரவுன் ஸ்வெட்டர் இங்கேயே இருக்கிறது. பார்சலில் அனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்கொள்.

சில்வெஸ்டர்


தொம்மலூர்,
7 நவம்பர் 1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கேள்விக்கு உடனே பதில் தெரியவில்லை. அதனால்தான் தாமதம். இப்போது கொஞ்சம் தெரிகிறது.

முதல் மாதம் நான் கொடுத்த புது ஊசிகளை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பழையதையே கைமாற்றினார்கள். உங்களைப் போலத்தான் நானும் பிரசுரத்தைப் படித்துக் காட்டினேன். "வாத்தியாரே, போதும்" என்றார்கள். அந்தக் கூட்டத்தில் என் பேச்சு எடுபடாது. உமேஷ் பேச்சுதான் எடுபடும்.

உமேஷுக்கு இப்போது எழுந்து நடக்கவே முடிவதில்லை. ஒரு சாயங்காலம் பச்சைமுத்து வழக்கம்போல அவன் ஊசிக்குக் கை நீட்டினான். உமேஷ் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "வேணாம் மச்சா. என் ரத்தத்துல இருக்கறது உனக்கு வேணாம். என்னோடது என்கூடவே போவட்டும்" என்றான். பச்சைமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் உனக்கு வேத்தாளா?" என்றான். "வேத்தாளுக்குன்னா குடுத்திருப்பேன்டா" என்றான் உமேஷ்.

அவ்வளவுதான் அண்ணா. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எல்லாம் திரும்பிவிட்டது. ஆட்டோவில் தொங்கவிடுகிற குஞ்சத்திலிருந்து கலர் நூல் பிரித்து, அவனவன் ஊசியில் அவனவன் கட்டிக்கொண்டான். உமேஷுக்குக் கறுப்பு, பச்சைமுத்துவுக்கு மஞ்சள். இப்போது தன்னுடையதை இன்னொருவனிடம் நீட்டுகிறவனைத்தான் கேட்கிறார்கள், 'ஏன்டா, அவன் மேல பாசமே இல்லயா உனக்கு?' என்று.

நூல் கட்டும்போது அண்ணியின் புள்ளி நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றா என்று நெடுநேரம் யோசித்தேன். ஊசியில் வியாதி போகும், டம்ளரில் போகாது. அது உங்களுக்கே தெரியும். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. இங்கே எல்லோர் ஊசியிலும் நூல் இருக்கிறது. அங்கே என் டம்ளரில் மட்டும்தான் புள்ளி இருந்தது.

லவினாவுக்காகத் திடப்படுத்தல் அன்று கோயிலுக்கு வருகிறேன். கடைசி பெஞ்சில் இருப்பேன். எந்தக் கப்பில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன், எனக்கு அந்த ரோஷமெல்லாம் இல்லை. நீங்களும் பக்கத்தில் மண்டியிட்டால் சந்தோஷப்படுவேன். வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் நிற்க மாட்டேன், மன்னியுங்கள்.

உங்கள்
ஷெர்வின்


ரிச்சர்ட்ஸ் டவுன்,
16 ஜனவரி 2000

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் அட்டைக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. புத்தாண்டு அன்று தொம்மலூருக்கே வந்தேன். அறை பூட்டியிருந்தது. வாசலில் ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்த பச்சைமுத்து என் கையெழுத்தைப் பார்த்தது போலவே முகத்தைப் பார்த்தான். "உமேஷண்ணனுக்கு முடியல சார். ஷெர்வின் ஆஸ்பத்திரிலயே படுத்துக்கறாரு. டைம் கெடச்சா எழுதுவாரு" என்றான். துணியை உதறிக்கொண்டே, "எழுதாமயும் இருப்பாரு" என்றான்.

லவினாவின் திடப்படுத்தல் தினத்தைப் பற்றி எழுதாமல் தீராது. நீ வெள்ளைச் சட்டையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். லவினா போனாள், மௌரீன் போனாள். நான் சபதம் செய்தவன், உட்கார்ந்தே இருந்தேன். நீ கடைசியில் போனாய். நீ மண்டியிட்டதும் பக்கத்தில் இருந்தவர் எழுந்து மறுகோடிக்குப் போனார். உனக்கு இரண்டு பக்கமும் வெறும் படி. நீ ஒரு தடவை திரும்பி நம் பெஞ்சைப் பார்த்தாய். 'உனக்காகத்தானடா உட்கார்ந்திருக்கிறேன், பார்' என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது சாப்பாடு இறங்குவதில்லை.

அப்போது மைக்கேல்ராஜ் வந்தார். முட்டி வலிக்காரர், இரண்டு கையையும் ஊன்றி உன் தோளோடு தோள் இடிக்க மண்டியிட்டார். ஆராதனை முடிந்ததும் வாசலில் அவரை மடக்கி, "இது எந்தச் சுகாதாரம்?" என்று கேட்டேன். "சார், கமிட்டில கப் வேணும்னாங்க. எழுதி வாசிக்கறது என் வேலை, வாசிச்சேன். பக்கத்துல முட்டி போட எதுக்கு சார் தீர்மானம்?" என்றார். நான் உன்னைத் தேடினேன். நீ போய்விட்டிருந்தாய்.

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது காரணம் வேறு.

நேற்று அலமாரியிலிருந்து உன் டம்ளரை எடுத்து பிளேடால் அந்தப் புள்ளியைச் சுரண்டினேன். புள்ளி போய்விட்டது. ஆனால் சுரண்டின இடம் பளபளவென்று, புள்ளியைவிட நன்றாகத் தெரிந்தது. பிறகு லவினாவின் நெயில் பாலிஷை வாங்கி, சுரண்டின இடத்தில் மறுபடி புள்ளி வைத்து, வீட்டில் இருக்கிற எல்லா டம்ளரையும் கவிழ்த்து ஒவ்வொன்றின் அடியிலும் வைத்தேன். தட்டுகளுக்கும் ஸ்பூன்களுக்கும்கூட. "என்னங்க இது, பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் மௌரீன். நான் அடுத்த ஸ்பூனை எடுத்தேன். நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள் உள்ளே போய், அவள் அம்மா கொடுத்த பீங்கான் கப்பை, யாரையும் தொடவிடமாட்டாளே, அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இத விட்டுட்டீங்க" என்றாள்.

உமேஷ் தேறினால் அவனையும் அழைத்து வா. அவனோடு எனக்கு இன்னும் பேச்சில்லை. பேசாமல் காப்பி குடிக்கலாம்.

ஸ்வெட்டர் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. உன் டம்ளர் எது என்று மட்டும் என்னைக் கேட்காதே. காலையிலிருந்து நானும் தேடுகிறேன், தெரியவில்லை.

உன் அண்ணன்,
சில்வெஸ்டர்