முத்திரை உடையாத மரக்கன்றுகள்

நிழல் பெருகுக! நீர் வற்றாதிருக்க! நட்ட கைகள் நெடிது வாழ்க!

தண்பொழில் நாட்டின் மணிமுடி தாங்கியவரும், ஆற்றுக்கரைதோறும் சோலை வைத்தவரும், வழிநடப்போர் வெயிலில் வாடக் கண்டு தம் வெண்கொற்றக் குடையை அவர்பால் சாய்த்தவருமான பொழிற்கோதைத் தேவியாரின் திருவடிகளுக்கு, அவர்தம் அமைச்சன் எயினன் கீரன் நெற்றி நிலத்தில் தோய வணங்கி விடுக்கும் ஓலை. தலைநகராம் மாநிழலும் அதன் மதில்களும் மன்றங்களும், அரண்மனையும் அதன் தோட்டங்களும் நலம் சூழ்ந்திருக்க வேண்டுகிறேன். தென்கோடி நகராகிய வெள்ளிடைப்பாடியும் நலமே என்று அடுத்து எழுதுவதுதான் முறை. அப்படி எழுத என் எழுத்தாணி மறுக்கிறது. இங்கே கண்டதைக் கண்டபடியே எழுதுகிறேன். சொல்லில் பணிவு குறைந்தால் அது அடியேனின் அதிர்ச்சியே அன்றி ஆணவம் அன்று.

தேவியார் முரசறைவோரை விடுத்து இரண்டு ஆணைகளை இந்நகரில் அறிவித்தீர். முதல் ஆணை, களஞ்சியத்துக்கு வரும் நெல்மூட்டைகளை வழியிலே திருடியவர்களை அடக்க வந்தது. கள்வர் முத்திரையைத் தொடாமல் மூட்டையின் அடியைக் கிழித்து நெல்லை வடித்துக்கொண்டமையால், அரச முத்திரையையோ, அம்முத்திரை காக்கும் கயிற்றையோ கலத்தையோ உடைப்பவர் எவராயினும் வலக்கை இழப்பர் என்று அந்த ஆணை சொல்லிற்று. இரண்டாவது, நிழலே இல்லாத இந்த ஊருக்கு அரண்மனைத் தோட்டத்தின் மாவும் பலாவும் நெல்லியும் நாரத்தையும் வீட்டுக்கொன்றாய் விடுத்து, கொல்லையில் நட்டு வளர்க்கவேண்டும் என்றும், கன்றைப் பட்டுப்போக விட்டவர் மனையை இழப்பர் என்றும் சொன்ன ஆணை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல ஆணைகள். அவை இரண்டும் ஒரே கொல்லையில் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று மாநிழலில் இருந்த நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கன்றுகள் சுட்ட மண்பானைகளில் வளர்ந்தவை. நெடுவழியில் மண் சிந்தாதிருக்கப் பானையின் வாயைத் தடித்த துணியால் மூடி, தண்டு மட்டும் வெளியே தெரியவிட்டு, உறி கட்டுவதுபோல் பானையைச் சுற்றி அடிவரை கயிறு பின்னி அனுப்பினார்கள். வண்டிக்காரர் நல்ல கன்றை எடுத்துக்கொண்டு நோஞ்சான் கன்றை வைத்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட தோட்டக் கண்காணியார், ஒவ்வொரு முடிச்சின்மேலும் அரக்கு உருக்கித் தேவியாரின் முத்திரையைப் பதித்துவிட்டார். மிகுந்த பொறுப்புள்ள மனிதர் அவர். 

நான் இந்நகருள் நுழைந்தபோது கொல்லைதோறும் வேலி கண்டேன். வேலிக்குள்ளே ஆழமாகத் தோண்டிய குழி, குழி நிறைய மட்கிய எரு, சுற்றிலும் பாத்தி, பாத்தி நிறையத் தண்ணீர். நடுவிலே பானையோடும் துணியோடும் கயிற்றோடும் புதைக்கப்பட்ட கன்று, ஓர் இலையுமின்றிக் குச்சியாய் நின்றது. முதல் வீட்டில் கண்டபோது அறியாமை என்று எண்ணினேன். அடுத்த வீட்டிலும் அதுவே. தெரு முழுவதும் அதுவே. சில வீடுகளில் சிறு ஓலைக்குடை ஒன்றை நட்டிருந்தார்கள். கன்றுக்கு நிழலோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை, குடை அரக்குக்குப் பிடித்தது! வெயிலில் அரக்கு உருகி முத்திரை சிதைந்தால் தம் கை போய்விடும் என்று அஞ்சியிருக்கிறார்கள். பெருமாட்டி, அந்தக் குடையைப் பார்த்ததும், குதிரையிலிருந்து இறங்கிய நான் மீண்டும் ஏறவும் மறந்துபோனேன்.

அத்தெருவில் வாழும் குயவன் சேந்தனை அழைத்து, பானைக்குள் அடைபட்ட வேர் எங்ஙனம் மண்ணைத் தொடும், இதுகூடத் தெரியாதா என்று சினந்து கேட்டேன். அவன் கைகட்டி நின்று, அது ஊரில் எல்லார்க்கும் தெரியும் என்றான். தெரிந்துமா இப்படி என்று நான் திகைக்க, அவன் சொன்ன மறுமொழியை அப்படியே எழுதுகிறேன். கன்று பட்டுப்போனால் வீடுதான் போகும், கை இருந்தால் வேறிடத்தில் வேறு வீடு கட்டிக்கொள்ளலாம். முத்திரையை உடைத்தால் கை போகும், கை போனபின் வீடு இருந்து என்ன பயன் என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்ததாகச் சொன்னான். அப்படியானால் நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவானேன் என்றேன். பட்டுப்போகும் என்று தெரிந்தாலும் கண்ணெதிரே ஒன்று வாடும்போது ஊற்றாமல் இருக்க முடியவில்லை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர்களை அறிவிலிகள் என்று நினைத்தேனே என்று எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

இத்தனை குச்சிகளின் நடுவே ஒரு கொல்லையில் மட்டும் ஒரு மா தளதளவென்று நின்றது. செந்தளிரும் பசிய இலையுமாய் ஆள் தோளுக்கு உயர்ந்திருந்தது. மனம் குளிர்ந்து, இதை வளர்த்தவருக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும், அழையுங்கள் என்றேன். உடன் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வளர்த்தவள் சிறையில் இருக்கிறாள் என்றும், வரும் முழுநிலா நாளில் அவள் வலக்கை வெட்டுண்ணும் என்றும் சொன்னார்கள்.

அவள் பெயர் கொற்றி. பால் கறந்து விற்பவள். கணவன் உப்பு வண்டியோடு போய்ப் பருவம் ஒன்று கழிந்தும் திரும்பவில்லை. கையில் பால்மணம் மாறாத பெண் மகவு ஒன்று உண்டு. சிறை சென்று அவளைக் கண்டேன். மரத்தின் நலம் கருதித் துணிந்தாள் போலும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வண்டியிலிருந்து பானையை இறக்கிக் கொல்லையில் வைத்த அன்று அவளுடைய கிடாரி கட்டை அறுத்துக்கொண்டு ஓடிற்றாம். கைக்கெட்டிய கயிறு பானையில் இருந்ததுதானாம். நல்ல முறுக்கான கயிறாய் இருந்தமையால் அவிழ்த்து எடுத்துக்கொண்டாளாம். பிடித்து வந்த கிடாரி துள்ளியதில் பானை நொறுங்கிற்றாம். மண்கட்டியோடு கிடந்த கன்றைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளிவிட்டு, பால் கொடுக்க நேரமாயிற்று என்று போய்விட்டாளாம். முத்திரை நினைவுக்கு வந்தது மறுநாள் என்று சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, வலக்கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அவளைப் பிடித்தவர் நகர் காவலர் அந்துவனார். அவர் கொடியவர் அல்லர் என்பதே எனக்குப் பேரதிர்ச்சி. கன்றுகளைப் பார்வையிட வந்தவர் இந்த மாவைக் கண்டு உள்ளம் பூரித்து, மாலை வாங்கிவரச் செய்து, அதைச் சூட்டுமுன் முத்திரையை வணங்குவது முறையாதலின் முத்திரை எங்கே என்று கேட்டிருக்கிறார். கொற்றி கிடாரியைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்து காட்டியிருக்கிறாள். அன்று இரவு அவர் உணவு கொள்ளவில்லை என்று அவர் வீட்டார் சொன்னார்கள். ஆயினும் ஆணை ஆணைதானே என்கிறார். முழுநிலாவில் கொற்றியின் கையை வெட்டுவதென்றும், அதன் மறுநாள் கன்று பட்டுப்போன குற்றத்துக்காக ஊர் முழுவதையும் வெளியேற்றுவதென்றும் ஏற்பாடு செய்து முடித்துவிட்டார். அவர் வீட்டுப் பலாவும் பட்டுப்போயிற்று. ஆகையால் தம் பாத்திரங்களையும் மூட்டை கட்டி வாசலில் அடுக்கி வைத்திருக்கிறார். நேர்மையில் அவரைக் குறைசொல்ல என்னால் இயலவில்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

கொற்றியை விடுவிக்க என்று தேவியாரின் பெயரால் கட்டளையிட்டேன். அவர் தரையில் விழுந்து வணங்கி, தேவியார் இட்ட ஆணையைத் தேவியாரே அன்றி அமைச்சர் மாற்றுதல் முறையாகுமோ என்று கேட்டார். முறையாகாது. அது எனக்கும் தெரியும். உடனே எனக்கு ஆத்திரம் மேலிட்டது. ஊரார் காண அவருடைய கொல்லைக்கே போய், பட்டுப்போன பலாவின் பானையைத் தோண்டி எடுத்து, அரக்கை என் வலக்கையால் உடைத்து, கயிற்றை அறுத்துப் பானையைக் கல்லில் மோதினேன். அமைச்சனே உடைத்தபின் இந்தச் சட்டம் பிழைக்காது, எல்லாரும் தத்தம் கொல்லைக்கு ஓடி முத்திரையை உடைப்பார்கள் என்று நம்பினேன். பானை வடிவாகவே சுருண்டு காய்ந்துபோன வேரைத் தூக்கிக் காட்டினேன். வேரை எவரும் பார்க்கவில்லை. எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள்.

இந்த ஓலையை நான் சிறையிலிருந்து எழுதுகிறேன், தேவியாரே. அந்துவனார் கண்ணீர் வடித்தபடி என் முத்திரை மோதிரத்தை வாங்கிக்கொண்டு, என்னை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டி, பூட்டியபின் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டார். ஊரார் எனக்கு அன்போடு சோறு கொண்டுவருகிறார்கள். வழியில் தங்கள் குச்சிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவதாகவும் சொல்கிறார்கள். ஒருவர்கூட ஒரு முடிச்சையும் அவிழ்க்கவில்லை.

அடுத்த அறையில் கொற்றி இருக்கிறாள். அவளுக்காக நான் செய்ததைச் சுவருக்கு இப்புறமிருந்து சொன்னேன்.  தங்கள் கையும் போனால் என் கை திரும்ப முளைத்துவிடுமா என்று கேட்டாள்.  ஒரே கையால் மடியைப் பிடித்துக்கொண்டு பாலும் கறக்க முடியாது என்றும், ஒரு கையால் பிள்ளையைக் குளிப்பாட்ட முடியாது என்றும் அவள் தனக்குத்தானே கணக்குப் போடுவதுபோல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது இடக்கையால் பிள்ளையைத் தூக்கிப் பழகுகிறாள். அது நழுவுவதும் வீறிடுவதும் எனக்குக் கேட்கிறது. இதைக் கேட்டுக்கொண்டு என்னால் எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

என் கையைப் பற்றித் தேவியார் கவலைகொள்ள வேண்டா. தெரிந்தே செய்தேன், முதிர்ந்த கை, இனி அது எழுதவேண்டியது மிகுதியாக இல்லை. கொற்றியின் கை அத்தகையது அன்று. தேவியார் விரைந்து புறப்பட்டு முழுநிலாவுக்கு முன் தாமே இந்நகருக்கு எழுந்தருளவேண்டும். ஊரார் காண ஒரு கொல்லையில் இறங்கி, தம் முத்திரையைத் தம் திருக்கையாலேயே உடைத்து, கயிறு அவிழ்த்து, பானை நீக்கி, ஒரு கன்றை மண்ணில் நட்டருள வேண்டும். அதைக் கண்டால் இவர்கள் கை தானே முடிச்சுக்குப் போகும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உடல்நலத்தாலோ அரசுப் பணியாலோ வர இயலாதாயின், கொற்றியை மன்னித்தோம் என்று ஓர் ஓலை விடுத்தருள்க. ஆனால் அடியேன் காலில் விழுந்து கேட்பது ஒன்று உண்டு: அந்த ஓலைக்கு முத்திரை இடவேண்டா. அந்துவனாரின் இல்லத்தில் ஒரு மாடம் இருக்கிறது. முத்திரை பற்றிய ஆணை முழங்கிய நாள்தொட்டு அரண்மனையிலிருந்து வந்த ஓலைகள் அத்தனையும், அரக்குக் கலையாமல், நூல் அவிழாமல், அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் என்ன எழுதியிருக்கிறது என்று இந்நகரில் ஒருவரும் அறியார். அவர் அவற்றுக்கு நாள்தோறும் விளக்கேற்றிப் புதுப்பூச் சூட்டுகிறார். தங்கள் மன்னிப்பு முத்திரையோடு வருமாயின் அதையும் இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, அந்த மாடத்தில் வைத்து, பூச்சூட்டி வணங்குவார். வணங்கி முடித்துவிட்டு, கொற்றியின் கையை வெட்டுவதற்குப் போவார்.

இது அமைச்சன் எயினன் கீரன், வெள்ளிடைப்பாடிச் சிறையிலிருந்து தன் வலக்கையால் எழுதியது. இதன்மேல் முத்திரை இல்லை.