கூக்காலில் ஈதர் பற்றியது

கூக்கால்,
14.8.1981

அன்புள்ள அம்மாவுக்கு மகள் ஜோசப்பின் எழுதுவது, வணக்கம். உங்கள் மூட்டுவலி தணிந்ததா?

வேதியியல் படித்த எங்களுக்கு இந்த ஆய்வு நிலையத்தில் உயிரியலும் பழக்குகிறார்கள். காட்டு இலைச் சாற்றை ஈதரில் பிரித்து எலிக்குக் கொடுத்துப் பார்ப்போம். செவ்வாயன்று ஈதர் ஆவி அடுத்த அறை அடுப்புவரை பரவிப் பற்றிக்கொண்டது. எனக்குக் கையில் சின்னக் காயம்தான். கூடப் படிக்கும் உபகாரம் என்கிற பையனுக்கு நெஞ்சுவரை வெந்துவிட்டது. பஸ் போய்விட்டதால் முட்டைக்கோஸ் லாரியில் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம்.

“வெரசா போகச் சொல்லுங்கக்கா, குளிருது” என்றான். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

அவன் எலிகளுக்கும் நான்தான் தீனி வைக்கிறேன்.

கை தொளதொளப்பான பழைய ரவிக்கை இரண்டு அனுப்புங்கள். அவன் அம்மா மாதக் கடைசியில் சாமான் எடுக்க வருகிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது என்றும் எழுதுங்கள். இங்கே கேட்க யாருமில்லை.

தபால் கொண்டுபோகும் பஸ் கிளம்புகிறது.

உங்கள் மகள்,
ஜோசப்பின்