குவாரித் தண்ணீரில் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள்

இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கடிதம் என்பதற்காகப் புதிதாக ஒரு பெயரைத் தேடவும் மனமில்லை. குசினியில் நின்று எப்படிக் கூப்பிட்டேனோ அப்படியே கூப்பிடுகிறேன்.

இங்கே லாசாலில் மரங்கள் சிவந்துவிட்டன. வாடகைக் கட்டடக்காரர் இன்னும் ஹீட்டரைப் போடவில்லை, இரண்டு சோடி சொக்ஸோடு இருந்துதான் இதை எழுதுகிறேன். நான் டோர்வலில் அதே விமானச் சாப்பாட்டுக் குசினியில்தான் வேலை செய்கிறேன். நாள் முழுக்கக் குளிரறைக்குள் நின்று தட்டு அடுக்கிவிட்டு வந்தால் கதைக்க மனம் வராது. கதைக்க வீட்டில் ஆளும் இல்லை, அது வேறு விஷயம். களைப்பாக இருக்கிறது என்றால் மகள் துளசி டொக்டரிடம் போகச் சொல்கிறாள். டொக்டர் இரும்புச்சத்துக் குளிசை தருகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் தண்ணீருக்கடியில் சுழியோடப் பழகியிருக்கிறேன். அதுவும் உங்களுடைய இரண்டு காற்றுச் சிலிண்டர்களையும் கொழுவிக்கொண்டு. சிரிக்காதீர்கள்.

நீங்கள் போனது ஒரு புதன்கிழமை, வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில், இதயம் நின்று. நீங்கள் சுழியோடிய குவாரித் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டொக்டர் சொன்னார். ஆனால் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், “அந்தக் குளிர்த் தண்ணிதான் ஆளை எடுத்தது” என்றார்கள். நான் யாரோடும் வாதாடவில்லை. எனக்கும் அந்தத் தண்ணீர்மேல் கோபம் இருந்தது.

கிழமை முழுக்க உங்களுக்குப் பின்னேர வேலை, எனக்கு விடிய வேலை. ஒருவர் எழும்பும் நேரத்தில் மற்றவர் படுப்போம். இருவருக்கும் லீவு கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. அந்த ஞாயிறையும் நீங்கள் கொண்டுபோய் அந்தப் பழைய கல் குவாரித் தண்ணீரில் போட்டீர்கள். “அங்க அப்பிடி என்ன கிடக்கு?” என்று கேட்டால், “ஒண்டுமில்லையப்பா, கல்லும் சேறும்தான்” என்பீர்கள். கல்லையும் சேற்றையும் பார்ப்பதற்கு ஒரு மனிதன் வீட்டை விட்டுப் போவானா?

நீங்கள் இருக்கும்வரை இதை நான் பெரிதாக எடுக்கவில்லை. போன பிறகுதான் மனதைக் குடையத் தொடங்கியது. என்னிடமிருந்து தப்பத்தான் அங்கே போனீர்களா? இதற்கு ஒரு மறுமொழி தெரியாமல் எனக்கு நித்திரை வரவில்லை. கேட்பதற்கு நீங்கள் இல்லை. உங்களுக்குச் சுழியோடப் பழக்கிய மனோனிடம் போய்ச் சேர்ந்தேன். நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருக்கும் கெபெக்காரி. பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம் கதைக்கிறவள்.

துளசிக்கு இது துண்டறப் பிடிக்கவில்லை. கர்க்லாண்டில் தங்கள் வீட்டு பேஸ்மென்டுக்குப் பெயின்ற் அடித்து எனக்கென்று வைத்திருக்கிறாள்.

“அம்மா, உங்களுக்கென்ன விசரோ? இந்த வயசில தண்ணிக்கடியில போறதோ?”

“அப்பா போனவர்தானே.”

“அப்பா எங்களை விட்டிட்டும் போட்டார். எனக்கு இனிப் பயப்பிட ஏலாது. அந்தச் சிலிண்டருகளை வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ.”

அவளோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. “சரி பிள்ளை. அடுத்த குளிர் தொடங்க முதல் மனோனின்ர சோதினையில பாஸ் பண்ணாட்டி எல்லாத்தையும் வித்துப்போட்டு உன்னட்டயே வாறன்” என்றேன். உடனே சம்மதித்தாள். அம்மா எங்கே பாஸ் பண்ணப்போகிறா என்ற தைரியம்.

எல்லோரும் சிலிண்டரை முதுகில்தான் கட்டுவார்கள். விமான நிலையத்தில் பயணப்பெட்டி தூக்கித் தூக்கி உங்கள் முதுகு போய்விட்டதால், விலாவுக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் கொழுவுகிற முறையை மனோன் உங்களுக்குப் பழக்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக வாங்கிக் கொழுவலாம், கரையில் பாரம் சுமக்கத் தேவையில்லை. என் முழங்காலுக்கும் அதுதான் தோது. குளிர்காலம் முழுக்க நீச்சல் தடாகத்தில் பழகினேன். உங்கள் தண்ணீர் புகாத உடுப்பு எனக்குச் சாக்குமாதிரித் தொங்கியதால் மனோன் தன்னுடைய பழையதைத் தந்தாள்.

குவாரிக்கு முதல் நாள் போனபோது ஏன் பிறந்தேன் என்று இருந்தது. உடுப்புக்குள் தண்ணீர் வராதுதான், முகத்துக்கு யார் உடுப்புப் போடுவது? நெற்றி விண்விண் என்று வலித்து உதடு விறைத்துவிட்டது. கடித்திருந்த குழாய் வாயில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தடித்த கையுறையோடு கொளுக்கி மாட்டுவது மட்டும் எனக்குச் சுகமாக வந்தது. குளிரறை வேலை அதற்காவது உதவியது.

ஆனால் ஒரு பிழையை மட்டும் திரும்பத் திரும்ப விட்டேன். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு குழாய்கள். கொஞ்ச நேரம் ஒன்றில் மூச்செடுத்தால், பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதைக் கடிக்கவேண்டும். இரண்டும் சமமாகக் குறைந்துகொண்டு வரவேண்டும். நான் மாற்றவே இல்லை. வலதில் மட்டும் இழுத்தேன், இடது ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தொடாமல் வைத்தேன். வலது காலியாகி இலேசாக, நிறைந்திருந்த இடது என்னைச் சரித்துப்போட்டது. குடைசாய்ந்த வண்டில் மாதிரிக் கிடந்தேன்.

“டூஸ்மோன், டூஸ்மோன்” என்று, மெதுவாக, மெதுவாக என்று, மனோன் என்னைக் கரைக்குக் கொண்டுவந்தாள். “ஏன் மாற்றவில்லை?” என்று கேட்டாள்.

மிச்சம் பிடித்தேன் என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

அவள் சிரித்த சிரிப்பில் நெற்றியில் ஏற்றியிருந்த மாஸ்க் கழன்று விழுந்தது. “உன் கணவரும் முதல் கோடை முழுக்க இப்படித்தான் சரிந்து சரிந்து நீந்தினார். உங்கள் ஊரில் மூச்சையுமா சேமிப்பீர்கள்?”

எங்கள் ஊரில் எதைத்தான் சேமிக்கவில்லை? சண்டைக்காலத்தில் பாதிச் சவர்க்காரத்தில் மாதத்தை ஓட்டியவர்கள். இங்கே வந்தும் புதுத் துவாயைச் சூட்கேசுக்குள்ளும் நல்ல கோப்பையை மேல்தட்டிலும்தானே வைத்தோம். கதையைக்கூட “பேந்து, பேந்து” என்று பிறகுக்கு எடுத்துவைத்தோம். பென்சன் எடுத்த பிறகு ஆறுதலாக இருந்து கதைப்போம் என்று நீங்கள் சொன்ன கதைகள் என்னென்ன? எனக்கு இப்போதும் தெரியாது.

அதற்குப் பிறகு மாற்றப் பழகினேன். கோடை முழுக்க அந்த ஒரு பழக்கத்துக்கே போனது.

போன ஞாயிறு சோதனை. துளசிதான் காரில் கொண்டுபோய் விட்டாள். கரையில் கோப்பியோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனோன் என் முதுகுப்பக்கத்து ஸிப்பை இழுத்து மூடினாள். இறங்கினோம்.

கீழே ஓர் இடத்துக்குப் பிறகு தண்ணீர் ஐஸ்மாதிரிக் குளிரும், உங்களுக்குத் தெரியும். அங்கே வைத்து வலது குழாய் உறைந்து காற்றைக் கொட்டுகிறது என்று மனோன் கையால் காட்டினாள். அப்படி நினைத்துச் செய்யவேண்டும், அதுதான் சோதனை. கமக்கட்டுக்குக் கீழே தடவி வலது சிலிண்டரின் காற்றைப் பூட்டி, இடது குழாயைக் கடித்தேன். மூச்சு வந்தது. சரி என்று காட்டிவிட்டு அவள் முன்னால் போனாள்.

பிறகு வேலை ஒன்றும் இல்லை. திரும்ப இரண்டையும் திறந்துகொண்டு வலது கொஞ்சம், இடது கொஞ்சம் என்று மூச்செடுத்தேன். சரியாமல் மட்டமாகக் கிடந்தேன். நீங்கள் பொய் சொல்லவில்லை, கல்லும் சேறும்தான். ஒரு சின்ன மீன் என் கையுறையை முகர்ந்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது.

மேலே வரமுதல் கொஞ்ச நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அங்கே நின்றபோதுதான் எனக்குப் பொறிதட்டியது. இறங்கியதிலிருந்து நான் உங்களை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு நீங்கள் இல்லாத ஒரு அரை மணி நேரம் என் தலைக்குள் இருந்ததில்லை. பஸ்ஸில், குளிரறையில், கனவில், எங்கும் நீங்கள்தான். உங்களைத் தேடிப் போன இடத்தில் உங்களையே மறந்துவிட்டேன். வேலை இல்லை, துளசி இல்லை, பேஸ்மென்ட் இல்லை, நீங்களும் இல்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு ஒரே அழுகையாக வந்தது. மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதையும் அன்றுதான் கண்டேன்.

நீங்களும் அங்கே என்னை மறந்துதான் கிடந்திருக்கிறீர்கள், இல்லையா? என்னிடமிருந்து தப்பவில்லை. பெட்டிகளையும் முதுகு நோவையும் வீட்டு யோசனைகளையும் கொஞ்ச நேரம் இறக்கிவைத்தீர்கள். இறக்கிவைத்ததில் நானும் ஒருத்தி. அதற்கு எப்படிக் கோபப்படுவேன்? அவ்வளவு களைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் கவலை.

கரையில் துளசி துவாயோடு ஓடி வந்தாள்.

“பாஸோ அம்மா?”

“ஓம்.”

அவளுடைய முகம் விழுந்துவிட்டது. “அப்ப இஞ்சால வரமாட்டீங்கள்.”

“சனிக்கிழமையில வாறன். உன்ர பிள்ளையளை நான் பாக்கிறன். ஞாயிறு மட்டும் ஏலாது.”

“சொண்டெல்லாம் நீலமாப் போச்சு. ஏனம்மா உங்களுக்கு இந்தப் பாடு?”

“எனக்கு ஆறுதலாக் கிடந்தது பிள்ளை.”

அவள் என்னைக் காருக்குள் ஏற்றினாள். கார் ஹீட்டருக்கு முன்னால் என் கைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற ஞாயிறும் போவேன், குவாரி உறையும்வரை போவேன். தண்ணீருக்குள் இருக்கும்வரை உங்களை நினைக்க மாட்டேன். மேலே வந்து குழாயை எடுத்ததும், நீங்கள் இல்லை என்பது திரும்பவும் ஞாபகம் வரும். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

உங்கள் மனுசி,
தவம்