கடைசி நிறுத்தத்துப் பெஞ்ச்

பிப்ரவரி 3, திங்கள்

கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு பிரதிகள். வகுப்பில் ஆளுக்கு ஒன்று, ஆசிரியைக்கு ஒன்று.

பத்துப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் எழுத்துப் பட்டறையின் விதி. என் கதை பதின்மூன்று பக்கம் வந்தது. ஒரு வரியை வெட்டவும் மனம் வரவில்லை. எழுத்தைச் சின்னதாக்கி, வரிகளை நெருக்கி, பத்துக்குள் அடைத்துவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்துவிட்டு, "மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வைப்பாங்களே, அந்தக் காகிதமா இது?" என்றார். நான் மருந்தாளுநர் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவள் என்று என் நெற்றியில் எழுதியிருக்கிறதோ என்னவோ.

சிரித்தது அதோடு சரி. பிரதிகள் கை மாறிய நொடியிலிருந்து பயம். கதை நன்றாக இல்லையோ என்ற பயம் தினப்படி வருவது, பழகிவிட்டது. இது வேறு. இந்தக் கதை அக்காவுடையது. அவளைக் கேட்காமல் எழுதிவிட்டேன்.

இங்கேயாவது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால், அப்பாவின் கடைசி நாள். உடனே வரச் சொல்லி அம்மா மருத்துவமனையிலிருந்து போன் செய்தாள். அக்கா கடையிலிருந்து கிளம்பி பஸ் ஏறினாள். ஆனால் மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போனாள், திரும்பி வந்தாள், அப்போதும் இறங்கவில்லை. மறுபடி போனாள். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடையில் விடவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

அக்கா வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். அதன் முதலாளியை அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. "அந்தப் பாவி ஒரு மணி நேரம் முன்னாடி விட்டிருந்தா அப்பா முகத்தைப் பாத்திருப்பா" என்று சொல்லாத மாதம் இல்லை. கீறல் விழுந்த பழைய கண்ணாடியோடு மாரடிக்கிறாளே தவிர, அந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டாள்.

ஒருநாள் துணி மடிக்கும்போது அக்கா இதை என்னிடம் சொன்னாள். "உன்னோட இருக்கட்டும்" என்றாள். என்னோடுதான் இருந்தது. இன்று காலை வரை.

பிப்ரவரி 6, வியாழன்

பட்டறையில் இன்னொரு விதி உண்டு. ஒருவர் கதையை மற்றவர்கள் பேசும்போது, எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. எதைக் கொடுத்தாலும் வெட்டச் சொல்வதால், ஆசிரியைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரி. அவர் முதல் நாளே சொன்னார்: "புத்தகம் வெளிய போனப்புறம் ஒவ்வொரு வாசகர் பக்கத்துலயும் உக்காந்து நீங்க விளக்கம் சொல்ல முடியாது. இப்பவே பழகிக்கோங்க."

நாற்பது நிமிடம். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதையில் வரும் பெண்ணுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்றான் ஒருவன். பின் வரிசைப் பெண் சண்டைக்கே போய்விட்டாள்: "உனக்கு நடந்தா தெரியும்!" எல்லோருக்கும் பிடித்தது கடைசி நிறுத்தத்தில் கதைப் பெண் உட்காரும் சிமெண்டுப் பெஞ்ச். அதன் மேல் யாரோ கீறி வைத்த பெயரை அவள் விரலால் தடவுவாள். அது நான் கற்பனையில் போட்டது. அக்கா பெஞ்ச் என்று எதுவும் சொல்லவில்லை. கத்தரி மட்டும் அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "இவ அந்த எடத்துக்குப் போனாளா, போகலையா, எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். "இவ" என்றது கதைப் பெண்ணையா, என்னையா? விதிப்படி நான் கேட்கவும் முடியாது.

பிரதிகளில் ஓரக்குறிப்பு எழுதித் திருப்பித் தர வேண்டும். பதினொன்று வந்தது. சர்வேயர் சார் மட்டும் தரவில்லை. நிலம் அளந்து ஓய்வு பெற்றுவிட்டு எங்களோடு படிக்க வந்தவர். "எழுத்தா இது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா. கண்ணாடி மாத்திட்டுப் படிச்சுத் தரேன்" என்றார்.

பிப்ரவரி 7, வெள்ளி

கல்லூரியில் எங்கள் துறையின் ஆண்டுப் புத்தகத்துக்கு என் கதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். வெளியீட்டு விழாவில் மேடையில் வாசிக்க வேண்டும். பதிப்பகத்திலிருந்து ஆள் வருவார்கள். குடும்பத்தையும் அழைப்பார்கள்.

இதற்காகத்தானே வந்தேன்? சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இருபத்தெட்டாம் தேதிக்குள் தர வேண்டும். அதை மடித்துப் பையின் அடியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

"என்னதான்டி எழுதுற? ஒருநாள் படிச்சுக் காட்டேன்" என்றாள் அம்மா. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

சர்வேயர் சார் புதுக் கண்ணாடியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "உன் கதைக்காகவேதாம்மா மாத்தினேன். கிட்டப் பார்வைக்கு எதையாவது படிச்சுப் பாருங்கன்னு கடையில ஒரு அட்டை குடுத்தாங்க. நான் என்ன பண்ணினேன், பையிலிருந்து உன் கதையை எடுத்துச் சத்தமா படிச்சேன். அந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு. இன்னும் ரெண்டு வரி படிங்க சார், இன்னும் ரெண்டு வரி படிங்க சார்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில பிரதியை மேசையிலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன்."

எந்தக் கடை சார்?

நாற்சந்தி முனையில் இருப்பதாம். மாடியில் பெரிய கண்ணாடிப் படம் போட்டது.

அய்யோ. அக்கா கடை. வேற கடையே கிடைக்கலையா இந்த மனுஷனுக்கு? ஊர்ல எத்தனை கடை இருக்கு! எழுத்தைச் சின்னதாக்கினது யாரு — நான்தானே. மூணு பக்கம் வெட்டியிருந்தா அவர் பழைய கண்ணாடியிலயே படிச்சிருப்பார். ஒவ்வொரு பக்கத்துத் தலையிலயும் என் பேர் வேற இருக்கு. கதையில அக்கா பேரை மாத்தினேன், கண்ணாடிக் கடையைக் கடிகாரக் கடையா மாத்தினேன், அவளோட பச்சைக் குடையை மாத்தத் தோணலையே.

எப்போ போனீங்க சார்னு கேட்டேன். செவ்வாய்க்கிழமைன்னார். ரெண்டு நாளாச்சு. அக்கா ரெண்டு நாளா என்னோட உக்காந்து சாப்பிடுறா.

பிப்ரவரி 14, வெள்ளி

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "குளிக்கப் போறியா, நான் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஞாயிறு தோறும் அக்கா என் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திருகாணியை முடுக்கித் தருவாள். இன்றும் கையை நீட்டினாள். கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் இரண்டடிக்கு அப்பால் எனக்கு எல்லாம் மங்கல். எதிரே அவள் முகம் இருந்தது, அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாளா? எனக்கு அப்படித் தோன்றியதா? திருப்பி மாட்டிவிட்டபோது காதுக்குப் பின்னால் அவள் விரல் பட்டது. திடுக்கிட்டுவிட்டேன்.

"ஏன் பதறுற?" என்றாள்.

திட்டினால் தேவலை. அறைந்தாலும் தேவலை. என்னைப் படிக்க அனுப்ப மாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றபோது, "அவ எழுதட்டும்மா, நான் பாத்துக்கறேன்" என்று மல்லுக்கு நின்றவள் இவள். அவளுக்கு நான் செய்தது இது.

பிப்ரவரி 21, வெள்ளி

பன்னிரண்டாவது பிரதி வந்துவிட்டது. கல்லூரியிலிருந்து வந்தபோது என் மேசையில், அகராதிக்கு அடியில் இருந்தது.

ஓரமெல்லாம் குறிப்பு. லென்ஸில் புள்ளி வைக்கக் கடையில் அக்கா வைத்திருக்கும் மெல்லிய பேனாவால் எழுதியிருக்கிறாள்.

இரண்டாம் பக்கம்: கடிகாரக் கடையில் உக்காந்துதான் வேலை. கால் வலி வராது.

நாலாம் பக்கம்: இந்தக் குடை என்னோடது.

ஏழாம் பக்கத்தில், "இரண்டு முறை போய் வந்தாள்" என்பதில் இரண்டை அடித்துவிட்டு, மேலே: மூணு.

ஒன்பதாம் பக்கத்தில், "அவரைப் பார்க்க அவளுக்குப் பயம்" என்ற வரிக்குக் கீழே கோடு. குறிப்பு இல்லை. கோடு மட்டும் இரண்டு தடவை.

கடைசிப் பக்கத்தின் அடியில்: எழுத்து ரொம்பப் பொடி. இப்படிப் படிச்சா கண்ணு கெட்டுப்போகும்.

அழுதேன். பிறகு, மூன்று முறை என்பது கதைக்கு இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தெரிந்ததும் என்னை நினைத்தே எனக்குப் பயமாகிவிட்டது. என்ன பிறவி நான்?

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மா கடைக்குப் போன நேரம். அக்கா கதவைச் சாத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். "உங்க வகுப்புல எழுதினவங்க பேசக் கூடாதாமே. அந்தப் பெரியவர் சொன்னார். நீயும் பேசாத" என்றாள்.

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"நல்லா எழுதியிருக்க. அதுதான் எனக்குப் பொறுக்கல."

மேசை விரிப்பை நீவிவிட்டாள்.

"பயம்னு எழுதியிருக்க. பயமில்ல. நான் எறங்கினா அப்பா போயிடுவாருன்னு தோணிச்சு. எறங்காத வரைக்கும் இருப்பாருன்னு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனா அதுக்குப் பேரு பயமில்ல."

மன்னிச்சிடுக்கா என்று சொல்ல நாக்கு துடித்தது. விதி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அச்சுல வர்றது அப்புறம். அம்மாகிட்ட நான்தான் சொல்லணும். புத்தகம் சொல்லக் கூடாது. எப்போன்னு கேக்காத. எனக்கே தெரியாது."

எழுந்து போய் துணி துவைக்கப் போட்டாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். கத்தரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரு வரி வெட்டுன்னா வெட்ட மாட்ட. இப்ப முழுக் கதையையும் வெட்டிட்டியே" என்றார். காரணம் கேட்கவில்லை.

என் கதைக்குப் பதில் பின் வரிசைப் பெண்ணின் கதை போகிறது. விழாவுக்கு வருகிறேன் என்று அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். கழிப்பறையில் போய் முகம் கழுவினேன்.

மார்ச் 9, ஞாயிறு

பத்து நாளாக ஒரு வரி இல்லை. யார் என்ன சொன்னாலும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது, எங்கே எழுதிவிடுவேனோ என்று. எல்லாரையும் விட்டுவிட்டு எதை எழுதுவது? பார்மசியையும் விட்டாயிற்று. இனி இதுவும் வராவிட்டால்?

அக்கா திருகாணியை முடுக்கித் தந்தாள். அம்மா வழக்கம்போல முதலாளியைத் திட்டினாள். அக்கா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

மத்தியானம் அக்கா, "அம்மா, ஒரு எடம் வரைக்கும் போயிட்டு வரலாம், பஸ்ல" என்றாள். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "வா, சொல்றேன்" என்றாள். கைப்பையில் அந்தப் பிரதியை மடித்து வைத்ததைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக அவர்கள் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பது தெரிந்தது. பச்சைக் குடையை அம்மா பிடித்திருந்தாள்.

சமையலறையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். அம்மா அவளை என்ன சொல்வாள்? என்னை? நாலு வருடப் பொய்யை எழுதி ஊர் கையில் கொடுத்தவள் நான்.

மூன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள். இருவர் கண்களும் சிவந்திருந்தன. அக்கா நேரே குளிக்கப் போய்விட்டாள். அம்மா கீறல் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். "நாளைக்கு அவ கடைக்குப் போறேன். கண்ணைக் காட்டணும்" என்றாள். அந்த முதலாளி பாவம் என்று முனகினாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். சமையலறை வாசலில் அம்மா திரும்பினாள்.

"அந்தக் கடைசி ஸ்டாப்புல பெஞ்சே இல்லடி. நீ எழுதினது தப்பு. மூணு தடவையும் நின்னுக்கிட்டேதான் இருந்திருக்கா."

என் பிரதியை எடுத்து, எட்டாம் பக்கத்தைத் திருப்பி, பெஞ்சை அடித்தேன். யாரோ கீறிய பெயரையும் அடித்தேன். முதல் முறையாக வெட்ட வலிக்கவில்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன்: நின்றாள்.