ஒன்பது அங்குல வித்தியாசம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மச்சான் எழுதுவது. நான் நலம், வலது கண்ணைத் தவிர. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பதில் எழுத ஐந்து நாள் ஆகிவிட்டது. ஊர் திரும்பும்போது வாங்கலாம் என்று நீ சொன்ன இரண்டு பழைய வண்டிகளையும் நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் உன் வீடு. மாடியறைக் கூரையில் இருந்த கசிவை அடைத்தாயிற்று. குடியிருந்தவர்கள் காலி செய்தபோது சமையலறை அலமாரியின் கதவுகள் இரண்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அலமாரியை விட்டுவிட்டுக் கதவை மட்டும் எடுத்துப்போய் என்ன செய்வார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தச்சர் அடுத்த வாரம் வருகிறார். கார் கொட்டகையை நானே டேப் பிடித்து அளந்தேன். உள்நீளம் சரியாகப் பதினாறு அடி. எந்த வண்டியானாலும் உள்ளே போகும். நாலு சீட்டு வண்டி என்றால் கதவை மூடும்போது ஒரு சாண் மிஞ்சும், அவ்வளவுதான்.

இனிக் கண். மூன்று வாரத்துக்கு முன் புரை எடுத்தார்கள். பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. உன் மாமியார் வீட்டுச் சுவரெல்லாம் இத்தனை அழுக்காக இருந்தது இப்போதுதான் தெரிகிறது. ஆனால் ஒரு மாதம் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டிகள் இருக்கும் பட்டறையோ ஊருக்கு வெளியே, பேருந்து போகாத இடம். அதனால் உன் மகள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். 'அவளுக்குத் தெரிய வேண்டாம் மச்சான், வந்து இறங்கினதும் காட்டிக்கலாம்' என்று நீ எழுதியிருந்தாய். மன்னித்துக்கொள். கண்ணாடிக் கடையில் ஊர்க் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிறவள் என்னை ஒற்றைக் கண்ணோடு தனியாக விடவில்லை. எங்கே போகிறோம் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன்.

பட்டறைக்காரரை எல்லோரும் ஸ்பானர் என்கிறார்கள். ஐம்பது வயதிருக்கும். நான் பத்திரிகையில் இருந்தவன் என்று உன் மகள் சொன்னதும், "பேப்பர்காரரா? அப்ப உண்மையையே சொல்லிடறேன் சார், எப்படியும் நீங்க மாத்தித்தானே எழுதுவீங்க" என்றார். சிரித்தேன். ஆனால் முழுக்கச் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டு வண்டிகளும் ஒரே ஜாதி, ஒரே எஞ்சின். பச்சை நிறத்து இரண்டு சீட்டு வண்டி நம்முடைய பழைய வண்டியேதான் என்று சொல்லலாம். அதே நீண்ட மூக்கு, அதே சரிந்த முதுகு. பக்கத்தில் நின்றபோது எனக்கு இருபத்தாறு வயதானது போல இருந்தது. ஆனால் இடது கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. தகரம் துருப்பிடித்துப் போய், உள்ளே பட்டி மாவை அடைத்துப் பூசியிருக்கிறார்கள். ஸ்பானரிடம் கேட்டேன். "இந்த வயசுல யாருக்கு சார் பல்லு எல்லாம் சொந்தப் பல்லு?" என்றார்.

சாம்பல் நிறத்து நாலு சீட்டு வண்டி ஒன்பது அங்குலம் நீளம் அதிகம், கூரை இரண்டு அங்குலம் உயரம். ஒரே ஒருவர் வைத்திருந்தது. முன் சீட்டுகளின் தோல் வெடித்திருக்கிறது, பின் சீட்டுத் தோல் மட்டும் புதிது போல இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதில் யாருமே உட்காரவில்லை போலும். அடித்தகடு முழுக்கக் காந்தம் ஒட்டியது. அழகு என்று கேட்டால் பச்சைதான். இதில் உனக்கு ஒன்றும் மறைக்கமாட்டேன்.

அந்தப் பச்சை வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோது ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. நீ ஓட்டுவாய், என் தங்கை பக்கத்தில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மலைச்சாலையில் ஏழாவது வளைவில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை மூவரும் சுவரில் உட்கார்ந்திருப்போம். மூவரும் என்றா எழுதினேன்? ஆமாம், நானும்தான் வருவேன். சீட்டுக்குப் பின்னால், சரிந்த கண்ணாடிக்குக் கீழே, பெட்டி வைக்கிற இடத்தில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு. ஒரு தடவை போலீஸ்காரர் நிறுத்தி, "பின்னாடி இருக்கறது லக்கேஜா, ஆளா?" என்று கேட்டாரே. "எங்கண்ணன் சார், ரெண்டும்தான்" என்றாள் என் தங்கை. அவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, அந்தக் குரல் இன்னும் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத் திரும்ப வாங்க முடியுமென்றால் நானே உனக்குப் பச்சை வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருவேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். பச்சை வண்டியில் இரண்டு பேர்தான் போகலாம். சாவி ஸ்பானர் கையில். நானா உன் மகளா என்று நாங்கள் யோசிப்பதற்குள் அவளே பின்னால் நகர்ந்துவிட்டாள். "நீங்க போயிட்டு வாங்க மாமா. எனக்கு நின்னு பழக்கம்தான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், குத்திக்காட்டுகிற குரல் இல்லை. திரும்பி வந்தபோது அதே இடத்தில், வெயிலில், கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுடைய ஒன்பதாவது வயதில், நீங்கள் இருவரும் வேலைக்காக அங்கே கிளம்பிய நாளில், என் வீட்டு வாசலில் இப்படித்தான் நின்றாள். அங்கே நல்ல பள்ளி இல்லை, இரண்டு வருஷம்தான் என்றீர்கள். அதில் தப்பு சொல்லவில்லை. பிள்ளை என் வீட்டில் குறையில்லாமல் வளர்ந்தாள். இருந்தாலும் அவள் நின்றிருந்த நிலையைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது, எழுதுகிறேன்.

சாம்பல் வண்டியில் மூவரும் போனோம். முன் சீட்டைச் சாய்த்து நான் பின்னால் ஏறப் போனேன், எனக்குத்தான் அனுபவம் இருக்கிறதே. அவள் என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே குனிந்து உள்ளே போனாள். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்குப் போதுமான இடம் அங்கே இல்லை. முழங்கால் முகவாயைத் தொட்டது. பதினொரு கிலோமீட்டர் போய்வந்தோம். பாதி வழியில், கால் வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்குது மாமா. ஆனா நல்லா இருக்கு" என்றாள். பட்டறைக்குத் திரும்பிய பிறகும் இறங்கவில்லை. நானும் ஸ்பானரும் பின்பக்க அச்சைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை, பத்து நிமிஷமாவது இருக்கும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சின்ன சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும் வழியில், எதை வாங்கலாம் என்று அவளைக் கேட்டேன். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பாவுக்குப் பச்சை வண்டியே வாங்குங்க மாமா. அவரும் அம்மாவும் போன வண்டி. ஒரு தடவை என்னால போச்சு, ரெண்டாவது தடவையும் என்னால போக வேணாம்."

மாப்பிள்ளை, அவளுக்கு நாம் வைத்த செல்லப்பெயர் உனக்கு மறந்திருக்காது. 'மூணாம் சீட்டு.' அவள் பிறந்த கதையை நாம் எல்லா விருந்திலும் சொல்லுவோம். ரெண்டே சீட்டு இருந்த வீட்டில் மூணாவதாக ஒருத்தி வந்தாள், ராஜா மாதிரி வண்டி விலைக்குப் போனது, அப்பன் பஸ்ஸுக்கு வந்தான் என்று நீ சொல்லுவாய். நான் எடுத்துக் கொடுப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். நாலு வயதில் சிரித்தாள், பதினாலு வயதில் சிரித்தாள். அவள் அதைக் கதையாகக் கேட்கவில்லை, கடனாகக் கேட்டிருக்கிறாள் என்று எனக்கு இந்த வெள்ளிக்கிழமைதான் புரிந்தது. நாற்பது வருஷம் பிறர் சொன்னதைக் கேட்டு எழுதிப் பிழைத்தவன் நான்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். என் தங்கைக்கு ஐந்து மாதம் இருந்தபோதுதான் நாலு சீட்டு வண்டி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மலருக்கு அதைப் பற்றி எழுத என்னைத்தான் அனுப்பினார்கள். அவளும் கூட வந்தாள். உன்னிடம் சொல்லவில்லை. ஷோரூமில் முன் சீட்டில் உட்கார்ந்து, கைப்பையைப் பின் சீட்டில் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பி அதைப் பார்த்தாள். "நம்ம வண்டியைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கலாம்ணா. நான் சொன்னா அவர் கேக்கமாட்டார். நீ நல்லா எழுது, நீ எழுதினா நம்புவார்" என்றாள்.

நான் என்ன எழுதினேன் என்று உனக்கே தெரியும். 'பந்தயக் குதிரையின் முதுகில் மளிகை மூட்டை ஏற்றிய மாதிரி. வளைவில் பேருந்து போலத் திரும்புகிறது' என்று எழுதினேன். ஆசிரியருக்குக் கிண்டல் பிடிக்கும். அதைவிட, நீ படித்துத் தொடையைத் தட்டிச் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ சிரித்தாய். வெட்டி எடுத்து பீரோக் கதவில் ஒட்டினாய். அவள் பிறகு உன்னிடம் அந்த வண்டியைப் பற்றி வாய் திறந்தபோது, பீரோவைத் திறந்து என் கட்டுரையை அவளுக்கே வாசித்துக் காட்டினாயாம். அவள்தான் சொன்னாள், பல வருஷம் கழித்து, கோபம் எதுவும் இல்லாமல். வைத்திருந்தால் இரண்டு சீட்டு, இல்லையென்றால் வண்டியே வேண்டாம் என்று நீ முடிவு செய்து விற்றது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கட்டுரையில் ஒரு பொய் இருக்கிறது. ஓட்டிப் பார்க்க அன்று வண்டி தரவில்லை. ஷோரூமில் நின்ற வண்டியைச் சுற்றிவந்துவிட்டு, வளைவில் எப்படித் திரும்புகிறது என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாக அதில் ஏறினேன். நன்றாகத் திரும்புகிறது, மாப்பிள்ளை. பச்சை வண்டிக்கு ஒரு இம்மி கூடச் சளைத்ததில்லை.

ஆக, வண்டி போனது பிள்ளையால் அல்ல. உன் பிடிவாதத்தாலும் என் பேனாவாலும். பிள்ளைக்கு ஒரு சீட்டு அன்றைக்கே இருந்தது, அவள் அம்மா அதைக் கண்டுபிடித்தும் வைத்திருந்தாள். நாம் இரண்டு பேரும் சிரித்து அதைத் தள்ளிவிட்டு, பழியைத் தொட்டிலில் போட்டோம்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, முழுக்கக் கேட்டாள். அழவில்லை. "சரி மாமா. நீங்க சொன்னது சந்தோஷம். ஆனா இதை அப்பா சொல்லணும்" என்றாள். பிறகு இறங்கி வந்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, மறுநாள் எத்தனை மணிக்கு விடவேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

நான் எதற்கும் முன்பணம் கொடுக்கவில்லை. பச்சையைக் கேட்டு இன்னொருவர் வந்திருக்கிறாராம். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததிலிருந்து ஒரு வாரம் பொறுக்க ஸ்பானர் ஒப்புக்கொண்டிருக்கிறார். "பழைய வண்டி சார், அதுக்கு என்ன அவசரம்?" என்றார். உனக்குத்தான் அவசரம். பக்கத்து சீட்டு காலியாக இருந்தாலும் பரவாயில்லை, என் தங்கை ஞாபகமாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். அதை நான் இரண்டு தடவை படித்தேன். அவள் என் கூடப்பிறந்தவள். ஆனால் அவள் ஞாபகமாகக் காலியாக வைக்கப் பார்க்கிற சீட்டில் உட்கார உயிரோடு ஒருத்தி இருக்கிறாள். பச்சையே வாங்கினாலும் எனக்கு வருத்தம் இல்லை, அவளைக் கேட்டுவிட்டு வாங்கினால்.

அதனால் எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளைக் கூப்பிடு. ஆறு மணிக்குக் கடையை மூடுவாள், ஆறரைக்கு வீட்டில் இருப்பாள். எந்த வண்டி என்று அவளிடமே கேள். அதற்கு முன்னால் சொல்லவேண்டியதைச் சொல். அவள் எடுத்தவுடன் பேசமாட்டாள். லைன் துண்டித்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, மாப்பிள்ளை. அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

பத்திரமாக வந்து சேர். உனக்கும் பிள்ளைக்கும் நல்லதே நடக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிற,

உன் மச்சான்.