முதல் வரிசைச் சிரிப்பு

அலங்காநல்லூர்
3.2.2025

அன்பு மதினி சரண்யாவுக்கு,

தொண்டை இப்போது எப்படி இருக்கிறது? பொங்கல் விழாவிலிருந்து என் போனை நீ எடுக்கவே இல்லை. கடைசியில் என்னை ஸ்டாம்ப் வாங்கப் போஸ்ட் ஆபீசுக்கு நடக்க வைத்துவிட்டாய், மகராசி.

பத்து வருடமாக 'மதினி, மதினி' என்று ஒருவரையொருவர் வாரிக்கொண்டு நாம் சேர்ந்து ஏறிய நகைச்சுவை மேடை. உனக்குத் தொண்டை கட்டிப்போனதால் அன்று நான் தனியாக நின்றது கை ஒடிந்தது போல இருந்தது. "டீக்கடையில எல்லாருக்கும் பேப்பர் கப்பு வந்த பெறகுதான் எங்க ஊருக்குச் சமத்துவமே வந்துச்சு" என்று எங்கள் சாதி ஆட்களை வாரினேன். எங்கள் பெரியப்பாவே சிரித்தார்.

அந்தக் கோட்டா ஜோக்கில்தான் உனக்குக் கோபம் என்கிறாள் என் தங்கை முத்துமீனா. "எங்க சரண்யாவுக்கு டீச்சர் வேலை கோட்டாவுல கெடச்சிருச்சு, தொண்டைதான் கெடைக்கல" என்றேன். சும்மா வாயில் வந்தது. நம் விதி உனக்குத் தெரியாதா? யாரைக் கேலி செய்கிறோமோ அவர் முதல் வரிசையில் இருக்க வேண்டும்; அவர் சிரித்தால்தான் அது ஜோக். நீ முதல் வரிசையில்தானே இருந்தாய்? சிரித்தாயே, நான் பார்த்தேனே.

இருபத்திரண்டாம் தேதி கோரிப்பாளையத்தில் நிகழ்ச்சி. நீ இல்லாமல் போக மாட்டேன். கோபத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வா.

உன் மதினி
ரோகிணி

அவனியாபுரம்
14.2.2025

ரோகிணிக்கு,

தொண்டை சரியாகிவிட்டது.

ஆமாம், சிரித்தேன். நீ சொல்லி முடித்ததும் கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "இதுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கக் கூடாது டீச்சர்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அம்புட்டுப் பேருக்கு நடுவில் சிரிக்காமல் நான் என்ன செய்ய?

என் அம்மா ஒச்சம்மாள் உங்கள் ஊர் வயல்களில்தான் நாற்று நட்டார். வரப்பில் நிற்பவர்கள் என்ன சொன்னாலும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவார். "சிரிக்கலேன்னா நாளைக்கு வேல இல்லத்தா" என்பார். அன்று என் வாயில் வந்தது அந்தச் சிரிப்பு. பத்து வருடம் பக்கத்தில் நின்று என் சிரிப்பைக் கேட்டவள் நீ. இது வேறு என்று உனக்குத் தெரியவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ கெட்டவள் இல்லை. உன்னை நினைத்தால் இப்போதும் அழுகைதான் வருகிறது. கோரிப்பாளையத்துக்கு நீ மட்டும் போய் வா. இனி உன் முன்னால் நான் சிரித்தால், அது எந்தச் சிரிப்பு என்று எனக்கே தெரியாது.

சரண்யாதேவி